நடக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. என் மாமனார் கையிலிருந்து பரங்கிக்காய் நழுவி விழுந்து உடைந்தது.
2. அதைக் கூட்டு வைத்தோம். மாமனார் சாப்பிட மறுத்துவிட்டார்.
3. கொள்ளிடக் கரை உடைந்துவிட்டதென்று ஊரே மண்வெட்டியோடு எங்கள் வாசலுக்கு ஓடிவந்தது.
4. என் மகன் பாலாடையில் பால் குடித்தான்.
5. வீட்டிலிருந்த எல்லாரும் மாற்றி மாற்றி மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள்.
6. நான் வேலைக்குத் திரும்பினேன்.

ஆறுக்கும் காரணம் ஒரே ஆள். என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அந்த அண்ணியின் கணவர் அவர். எனக்கு அண்ணன் முறை. மஸ்கட்டில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் சேஃப்டி பிரிவில் இருந்தவர். தீப்பிடித்தால் யார் எந்த வாசல் வழியாக ஓடி எங்கே போய் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும், அவ்வப்போது விசில் ஊதி அப்படியே ஓடவைத்துப் பார்ப்பதும்தான் வேலை. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி, அடுத்த விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். திருப்பனந்தாளுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையோரத்தில் இருந்த எங்கள் வீட்டில், அதாவது தன் மாமனார் வீட்டில், மனைவி மகளோடு.

"ஒரு மஞ்ச தொப்பி, ஒரு விசிலு, ஒரே மாதிரி ரெண்டு பொட்டி. இத்தன வருஷம் போய் இதத்தான் கொண்டாந்திருக்காரு" என்று என் மாமியார் அடுப்படியில் சொல்வார். ஒரு டேப்ரிக்கார்டரும் கொண்டுவந்திருந்தார். மாமியார் அதைச் சேர்ப்பதில்லை.

அண்ணனுக்கு ஒரு வாசகம் உண்டு. "எதுவும் நடக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நடந்துடணும்." முதலில் கேட்பவர்களுக்குப் புரியாது. கூட இருந்தால் புரிந்துவிடும். அதற்குள் நாமே அதில் ஒரு வேடம் கட்டியிருப்போம்.

பசு வாங்கப் போவதற்கு முந்தைய நாள், மாட்டுக்காரராக என் மாமனாரை உட்காரவைத்துப் பேரம் பேசிப் பார்த்தார். மாமனார் நல்ல விவசாயி. இல்லாத மாட்டை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "இந்த வெலைக்கு வாலக்கூட தர முடியாது மாப்ள" என்றார். அண்ணன் இறங்கிவந்தார், கெஞ்சினார், எழுந்து போவதுபோல் போனார். மாமனார் கூப்பிடவில்லை. கடைசியில் இருவருக்கும் நிஜமாகவே மனஸ்தாபமாகி, மறுநாள் மாடு வாங்க யாரும் போகவில்லை.

ஆடுதுறையில் ஒரு கல்யாணம். பந்தியில் இலை போட்டு உப்பு வைத்தாகிவிட்டது. அண்ணன் எழுந்து, பந்தலில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று தன் வரிசையில் இருந்தவர்களை ஒருமுறை வெளியே நடத்திக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது அந்த இலைகளில் வேறு ஆட்கள் பாயசம் வரை வந்திருந்தார்கள்.

எனக்கு அவரைப் பிடிக்கும். நான் கும்பகோணத்தில் தொலைபேசி இணைப்பகத்தில் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையிலும் புதிய இயந்திரத்தை ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஊருக்கு இணைப்புக் கொடுப்போம். அந்த வீட்டில் நான் சொல்வது விளங்குகிற ஒரே ஆள் அவர்தான். அவர் செய்வது எனக்கு எப்போதும் விளங்கியது என்று சொல்ல மாட்டேன்.

என் பிரசவ விடுப்பு முடிய வேண்டிய நேரம் அது. தாலுகாவுக்கெல்லாம் எஸ்.டி.டி. பூத் வந்துகொண்டிருந்த காலம். எங்கள் இணைப்பகத்தில் பழைய சாதனங்களைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் அலமாரிகளை நிறுத்தியிருந்தார்கள். அதற்கான பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்களில் நான் ஒருத்திதான் பெண். பயிற்சி முடிந்து வந்ததும் வயிற்றில் குழந்தை. படித்ததைத் தொட்டுப் பார்ப்பதற்குள் விடுப்பு. அந்த அலமாரிகளிடம் திரும்பிப் போக வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையை வெளியே சொன்னால், பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று கேட்டிருப்பார்கள். அதனால் சொல்லவில்லை.

தடை ஒன்றே ஒன்று. என் மகன் என்னிடம் தவிர வேறு யாரிடமும், வேறு எதிலும் பால் குடிக்க மாட்டான். எடுத்துவைத்த பாலைப் பாலாடையில், அந்த மூக்கு வைத்த சின்ன வெள்ளிக் கிண்ணத்தில், ஊற்றிக்கொண்டு யார் பக்கத்தில் போனாலும் உதட்டை இறுக்கிக்கொள்வான். மீறி ஊற்றினால் துப்புவான். அதன் பிறகு அழுவான்.

மாமனார் நியாயமானவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தா பாரும்மா. புள்ள பாலாடையில குடிச்சுட்டான்னா நீ தாராளமா போ, யாரு தடுக்கப்போறா? குடிக்கலன்னா வேலைய எழுதிக் குடுத்துடு. பட்டினி போட்டு வேலைக்கிப் போனான்னு நம்ம வீட்டுக்குப் பேரு வேணாம்." சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் பேசிய என் கணவரும், "அப்பா சொல்றதும் சரியாத்தான இருக்கு" என்றார். சரியாகத்தான் இருந்தது. அதுதான் தொந்தரவு.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் வாசலிலிருந்து உள்ளே வந்தார். "தங்கச்சி போறன்னிக்கி எல்லாரும் புதுசாப் பதறினா புள்ள எப்படிக் குடிப்பான்? டிரில் வச்சுடுவோம் மாமா."

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் கூரையைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை ஒன்று கேட்டு, அதை முகத்துக்கு நேரே மறுப்பது என்பது கிடையாது. பின்னால் எத்தனை பேசினாலும் முன்னால் "செஞ்சுடலாம் மாப்ள"தான். அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இந்த ஒரு வழக்கத்தால் நடந்தது.

அண்ணன் ஆளுக்கொரு பொறுப்பு கொடுத்தார். குழந்தை அழுதால் மாமியார் கை கழுவிக்கொண்டு கட்டிலில் உட்கார வேண்டும். மாமனார் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துவந்து கொடுக்க வேண்டும். அண்ணி பாலைச் சுடுதண்ணீரில் வைத்து எடுத்து வர வேண்டும். நான் ஆபீசில் இருப்பதாகப் பொருள். அதனால் கொல்லையில் வைக்கோல்போருக்குப் பின்னால் உட்கார வேண்டும். என்ன சத்தம் கேட்டாலும் வெளியே வரக்கூடாது.

"ஆபீசுலேந்து ஓடியாந்துடுவியா? மாட்டல்ல? அப்ப இங்கேந்தும் வரக்கூடாது."

முதல் சில ஒத்திகைகளுக்கு நிஜக் குழந்தை வேண்டாம் என்று, ஏறக்குறைய அதே கனத்தில் ஒரு பரங்கிக்காயைத் தேர்ந்தெடுத்துத் துண்டில் சுற்றித் தொட்டிலில் போட்டார். அழுகையை அவரே அழுதார். நன்றாக அழுவார். தெருவில் போன ஒருத்தி உள்ளே வந்து, "புள்ளைக்கி வயித்து வலி போல, ஓமத்தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது ஒத்திகையில்தான் பரங்கிக்காய் விழுந்தது. மாமனார் தொட்டிலிலிருந்து எடுத்துத் திரும்பும்போது வேட்டி தடுக்கியது. சிமென்ட் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்து விதையெல்லாம் சிதறியது. வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்த எனக்குச் சத்தம்தான் கேட்டது. பிறகு மாமியார் "அய்யய்யோ பாவி மனுஷா!" என்று மாரில் அடித்துக்கொள்வது கேட்டது. பரங்கிக்காய் என்று தெரிந்தும் பாதி எழுந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தேன்.

மாமனார் வெளிறிப்போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றார். அண்ணன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "இதுக்குத்தான் மாமா டிரில்லு. இன்னிக்கி விழுந்துட்டுது, இனிமே விழாது."

மதியம் அதைக் கூட்டு வைத்தார்கள். மாமனார் தட்டில் மாமியார் ஊற்றப் போனபோது அவர் கையால் மறித்துவிட்டார். "எனக்கு வேணாம்." மோர் விட்டுக்கொண்டு எழுந்துபோனார். அன்றிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்ட பிறகுதான் தொட்டில் பக்கம் போவார்.

ஆட்கள் எல்லாம் தேறிவிட்டார்கள். குழந்தை மட்டும் தேறவில்லை. பரங்கிக்காய்க்கு அப்புறம் நிஜக் குழந்தையை வைத்துச் செய்தபோது எல்லாரும் சொன்னபடி ஓடினார்கள், கை கழுவினார்கள், உட்கார்ந்தார்கள். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். என் விடுப்பு தீபாவளி கழிந்து முடிவதாக இருந்தது. ராஜினாமாக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் எழுதிப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

"அண்ணே, விட்டுருவோம். ரொம்ப சிரமப்படுறீங்க" என்று ஒருநாள் சொன்னேன். கிணற்றடியில் ஹெல்மெட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் மொத தடவ மஸ்கட் போனப்ப பாப்பா தூங்கிட்டிருந்தா. முழிச்சா அழுவான்னு உங்க அண்ணி எழுப்ப வேணாம்னா. நானும் நைசாக் கெளம்பிட்டேன்." நாரைக் கழுவினார். "திரும்பி வந்தப்ப கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டுப் பாக்குறா. அவங்க அம்மாகிட்ட கேக்குறா, இந்த மாமா எப்ப போவாருன்னு."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ஹெல்மெட்டை வெயிலில் கவிழ்த்தார். "சொல்லாம, ஒரு தடவ நடத்திப் பாக்காம, புள்ளைய விட்டுட்டுப் போகக் கூடாதும்மா. நாளக்கி முழு டிரில் வச்சுடுவோம். விசிலோட."

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடும்போது, வீட்டுக்கு ஓர் ஆளாக முறைபோட்டுக் கரைக்காவலுக்குப் போவார்கள். கரையில் கசிவு கண்டால் ஒரு நீள விசில். உடைப்பு என்றால் மூன்று. மூன்று விசில் கேட்டால் போட்டது போட்டபடி மண்வெட்டி, சாக்கு, மூங்கில் முளை, எது கையில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். அண்ணன் ஊரில் இருந்த காலத்தில் தப்படித்துத்தான் சொல்வார்கள். விசில் அவர் போன பிறகு வந்தது. மஸ்கட் கிடங்கிலும் தீ என்றால் மூன்று நீள விசில்.

என் மாமனாருக்கு இது தெரியும். கரைக்காவலுக்கு அந்த வாரம் போய்வந்தவரே அவர்தான். பிற்பாடு கேட்டபோது, "மாப்ள அவ்வளவு ஆசையா சொல்லிக்கிட்டிருக்கும்போது நடுவுல எப்படிப் பேசுறது?" என்றார்.

மறுநாள் தூறல். ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வைக்கோல்போருக்குப் பின்னால் ஆபீசில் இருந்தேன். குழந்தை அழுதான். அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, மூச்சைப் பிடித்து, மூன்று விசில் ஊதினார். நல்ல விசில். வெளிநாட்டுச் சரக்கு.

முதலில் மேலத்தெருவில் யாரோ கூவினார்கள். பிறகு எல்லாப் பக்கமும். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக்காலோடு வரப்பில் ஏறி ஓடிவந்தார்கள். சலூனிலிருந்து ஒருவர் பாதி முகத்தில் சோப்போடு வந்தார். ஒரு டிராக்டர் மணல் மூட்டையோடு வந்து நின்றது. ஆற்றை நோக்கி ஓடியவர்களும், விசில் எங்கள் வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் திரும்பி எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். உடைப்பு எங்கள் வீட்டுக்குள் என்றே முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு பேர் கேள்வி கேட்காமல் வாசற்படிக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கத் தொடங்கினார்கள்.

மூன்று விசில் என்றால் எனக்கும் உடைப்புதான். ஆபீசை விட்டு எழுந்து ஓடிவந்தேன். கூட்டத்தைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை.

"எங்கய்யா ஒடப்பு?" என்று பஞ்சாயத்துத் தலைவர் கத்தினார்.

மாமியார் கட்டிலிலிருந்து எழுந்து, குழந்தையை, விசில் ஊதிவிட்டு உள்ளே வந்து நின்ற மருமகன் கையில் திணித்துவிட்டு, வாசலுக்கு வந்து கத்தினார்: "யோவ், மூட்டைய எடுங்கய்யா! ஒரு ஒடப்பும் இல்ல, எம் புள்ளைக்கிப் பால் குடுக்குறோம்!"

"பால் குடுக்க விசில் ஊதுவாங்களா?"

"எங்க மாப்ள ஊதுவாரு!"

இந்தக் களேபரத்துக்கு நடுவில் அண்ணன் ஒத்திகையை நிறுத்தவில்லை. ஆல் கிளியர் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது என்பது விதி. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மாமியாரின் இடத்தில் தானே உட்கார்ந்தார். குழந்தை அழுதுகொண்டே அண்ணாந்து பார்த்தான். ஈர ஹெல்மெட் மஞ்சளாக மின்னியது. அழுகை நின்றது. கையை நீட்டி அதன் விளிம்பைத் தொட்டான். வாய் ஆவென்று திறந்தது.

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த களையெடுக்கும் பெண் ஒருத்திதான் அதை முதலில் பார்த்தாள். "ஊத்துங்க, ஊத்துங்க! வாயத் தொறந்துட்டான்!"

அண்ணி பாலாடையை நீட்ட, அண்ணன் சாய்த்தார். அவன் விழுங்கினான். மறுபடி வாயைத் திறந்தான். வாசலில் சத்தம் அடங்கியது. மண்வெட்டியும் மூங்கிலுமாக ஊரே நின்று ஒரு குழந்தை பால் குடிப்பதைப் பார்த்தது. பாலாடை காலியானதும் பாதி முகச் சோப்புக்காரர், "குடிச்சுட்டான்டா!" என்றார். எல்லாரும் கூச்சல் போட்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என் ரவிக்கை நனைந்திருந்தது. மழை என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

"ஆல் கிளியர்" என்றார் அண்ணன்.

பஞ்சாயத்துத் தலைவர், மழைக்காலம் முடியும்வரை எல்லா வீட்டு முறையையும் சேர்த்து அண்ணனே கரைக்காவல் போக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணன் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். கரையில் யாரும் ஒத்திகையே பார்த்ததில்லை என்பது அவருக்கு ரொம்ப நாள் குறை.

அதன் பிறகு தெரிந்தது, என் மகன் பாலாடைக்குச் சம்மதித்திருந்தான். ஆனால் ஹெல்மெட்டுக்கு மட்டும்தான். அது இல்லாமல் போனால் பழைய உதடு. அதனால் யார் பால் கொடுத்தாலும் ஹெல்மெட் போட்டுக்கொண்டார்கள். மாமியார் கொண்டையை அவிழ்த்துவிட்டுப் போட்டுக்கொள்வார். மாமனார் மூக்குக்கண்ணாடிக்கு மேல் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து கொடுப்பார். ஒருநாள் கழற்ற மறந்து அப்படியே டீக்கடைக்குப் போய்விட்டார். "என்ன பெரியப்பா, மேலேந்து ஏதும் விழுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். தடுப்பூசி போட வந்த நர்ஸ் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலிருந்தே பேசினாள்.

மாமனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "குடிச்சுட்டான். நீ போம்மா."

நான் வேலைக்குக் கிளம்பிய காலையில் மாமியார் தலையைத் திருப்பவில்லை. "வரப்ப கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்றார். மகன் மாமனாரின் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் திரும்பவில்லை. இதற்குத்தானே இத்தனை ஒத்திகையும். பஸ்ஸில் உட்கார்ந்து, யாரும் அழாததற்காகச் சோழபுரம் வரை அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கும்பகோணத்தில் இறங்கி, அலமாரிகளிடம் போனேன்.

தை அறுப்பில் அண்ணனுக்கு விசா வந்தது.

மகளுக்காக அவர் தன் புறப்பாட்டை ஒத்திகை பார்த்தார். இரண்டு பெட்டிகளில் ஒன்றில் உண்மையான சாமான்களைக் கட்டிப் பரணில் வைத்தார். மற்றதில் கனத்துக்கு இரண்டு செங்கல். செங்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "பாப்பா, அப்பா மஸ்கட் போறேன்" என்று பஸ் நிறுத்தம் வரை போவார்; கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். முதல் தடவை அவள் காலைக் கட்டிக்கொண்டு தெருவே கேட்க அழுதாள். அடுத்தடுத்துக் குறைந்தது. பிறகு பெட்டியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்து வழியனுப்பப் பழகினாள்.

"ஒத்திகன்னு சொல்லிட்டுச் செய்யலாமேண்ணே?" என்று கேட்டேன்.

"ஒத்திகன்னு சொன்னா அது ஒத்திக ஆவாதும்மா." அதனால் ஒவ்வொரு முறையும் "இன்னிக்குத்தான் நெசம்" என்பார்.

ஒருநாள் இணைப்பகத்தில் என் மேசைத் தொலைபேசி அடித்தது. சென்னையிலிருந்து அண்ணன். பின்னால் வண்டிச் சத்தம்.

"தங்கச்சி, இன்னிக்கி நெசமாத்தான் கெளம்பினேன்."

"தெரியாதேண்ணே! காலையில நீங்க கெளம்புறப்ப அண்ணி மாவாட்டிக்கிட்டிருந்தாங்க. கொத்தமல்லி வாங்கிட்டு வரச் சொன்னாங்களே."

"ஆமா" என்றார். "பழக்கத்துல பொட்டிய மாத்தித் தூக்கியாந்துட்டேன். பாஸ்போர்ட் சட்டையில இருக்கு. பொட்டியத் தொறந்தா செங்கல்லு."

"செங்கல்ல அங்கயே ஓரமா வச்சுட்டுப் போங்கண்ணே."

"வெறும் பொட்டியோட போனா ஒரு மாதிரி பாப்பாங்கம்மா." பிறகு கேட்டார்: "பாப்பா அழுதாளா?"

அவரை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு லைனில் வீட்டுக்குப் பேசிக் கேட்டுச் சொன்னேன். "இல்லண்ணே. நீங்க தேன்மிட்டாய் வாங்கிட்டு வருவீங்கன்னு பஸ் ஸ்டாப்புல நிக்கிறாளாம்."

இணைப்பு துண்டிக்கப்படவில்லை. துண்டித்தால் வருகிற சத்தம் எனக்குத் தெரியும். அவர் இருந்தார்.

"இதுக்கு மட்டும் நாம ஒத்திக பாக்கலம்மா" என்றார்.

இப்போதைய நிலை இது. நான் அதே இணைப்பகத்தில் வேலையில் இருக்கிறேன். மகன் எல்.கே.ஜி. படிக்கிறான், டம்ளரில் குடிக்கிறான். அண்ணன் வெறுந்தலையோடு போனதால் மிஞ்சிய ஹெல்மெட் மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. அதில் கோழி முட்டையிடுகிறது. செங்கல் இரண்டும் மஸ்கட்டில் அவர் கட்டிலின் குட்டைக்காலுக்கு முட்டாக இருப்பதாக எழுதியிருந்தார். அவருடைய விடுப்பு இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. ஆடியில் வருகிறேன் என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னபோது, அவர் மகள், "இது ஒத்திகையா, நெசமாப்பா?" என்று கேட்டாள். உண்மையான பெட்டி பரணில், கட்டியது கட்டியபடி இருக்கிறது. அண்ணி அதை யாரையும் இறக்க விடுவதில்லை.